சேர ஒரு வாசல், விலக ஆறு வாசலா?

இளைஞர்களே! உங்கள் வங்கிக் கணக்கின் கடந்த மூன்று மாத வரவு செலவை எடுத்து நிதானமாகப் பாருங்கள். மாதம் தவறாமல் 149, 199 என்று ஏதாவது போய்க்கொண்டிருக்கிறதா? "முதல் மாதம் இலவசம்" என்ற அறிவிப்பை நம்பி, படம் பார்க்கவோ ஆங்கிலம் கற்கவோ என்றோ ஒரு நாள் சேர்ந்திருப்பீர்கள். பார்ப்பதை நிறுத்தி மாதங்கள் ஆகியிருக்கும். பணம் போவது மட்டும் நிற்கவில்லை!

ஏன் ரத்து செய்யவில்லை என்று கேட்டால், "எங்கே போய் நிறுத்துவதென்றே தெரியவில்லை" என்கிறார்கள். இது அவர்களுடைய அறியாமையா? இல்லை. தெரியக்கூடாது என்றே மறைத்து வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அமேசான் மீது அந்நாட்டின் வணிக ஆணையம் 2023 ஜூனில் வழக்குத் தொடுத்தது. பிரைம் சந்தாவை ரத்து செய்ய நான்கு பக்கங்களைக் கடந்து, ஆறு முறை தட்டி, பதினைந்து விருப்பங்களுக்கு நடுவே வழி தேட வேண்டும் என்றது மனு. அந்தப் பாதைக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? 'இலியட்'! நீண்ட போரைப் பாடும் கிரேக்கக் காவியம் அது. நம் அவதி அவர்களுக்கு வேடிக்கை! 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தார்கள். தவறை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 ஏமாற்று உத்திகளைத் தடை செய்தது. அதில் ஒன்று 'சந்தாப் பொறி'. ரத்து செய்யும் வழியை மறைப்பது குற்றம். இலவசச் சந்தாவுக்கே அட்டை விவரம் கேட்டுக் கட்டாயப்படுத்துவதும் குற்றம். சரி, பொத்தான் எங்கே? ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்பவர் கண்ணில் படும்படி ரத்துப் பொத்தான் வைத்தே ஆகவேண்டும். "சிக்கலாக்காதே" என்று பொதுவாகச் சொல்லி விடாமல், நம் அரசும் அப்படி எழுதி வைக்கட்டும்.

வீட்டுக்கு வரும் பால்காரரிடம் "நாளையிலிருந்து வேண்டாம் பாய்" என்றால் கணக்கு முடிந்தது. மறுபடி தேவைப்பட்டால் அவரைத்தானே கூப்பிடுகிறோம்?

வணிகப் பெருமக்களே! உங்கள் கடையில் பில் போடும் மென்பொருளின் ஆண்டுக் கட்டணமும் தானாகப் போகிறதா என்று பாருங்கள். கடைக்குச் செயலி செய்து தருகிறோம் என்று வருகிறவர் இந்தப் பொறியையும் சேர்த்து விற்றால், வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள்.

அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்க, 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும், அப்போதே மறுக்கலாம் என்பது 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் கட்டளை. நாமோ அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமலே அழிக்கிறோம்! யுபிஐ என்றால் அந்தச் செயலியில் 'ஆட்டோபே' பகுதியில் நிறுத்தலாம். ஆனால் சந்தாவையும் தனியாக ரத்து செய்துவிடுங்கள். இல்லையேல் பாக்கி என்று அடுத்த தகராறு வரும். ரத்து செய்ய விடாமல் சுற்றவிட்டால், அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.