பழசு என்பதாலா ஓடவில்லை?

"அந்தக் காலத்து கேமா? விண்டோஸ் 11ல அதெல்லாம் ஓடாது பாஸ். ஆசையா இருந்தா ரீமாஸ்டர் வாங்கிக்கோங்க." பழைய சிடியைத் தூசி தட்டி எடுத்த யாரும் இந்தப் பதிலிலிருந்து தப்பியதில்லை. சொல்பவர் கம்ப்யூட்டர் கடைக்காரராக இருக்கலாம், ஹாஸ்டல் ரூம்மேட்டாக இருக்கலாம். ஏதோ இயற்கை நியதி போலத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மனுஷனுக்கு நரை, கேமுக்கு இன்கம்பேட்டிபிள்!

புரோகிராம் என்ன அரிசி மூட்டையா, வண்டு விழ? சிடியில் பூஞ்சை பிடிக்கலாம், கீறல் விழலாம். ஒழுங்காகக் காப்பி எடுத்து வைத்திருந்தால் உள்ளே இருக்கும் பைட்டுகள் 1998இல் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கும். ஓடாமல் போவதற்கு வேறு காரணம் வேண்டும்.

உண்மையான தொழில்நுட்பக் காரணங்களே இல்லையா? இருக்கின்றன. டாஸ் கேம்கள் பெரும்பாலும் 16 பிட் காலத்தவை. ப்ராசஸர் 64 பிட் முறையில் ஓடும்போது, பழைய 8086 போல நடிக்கும் வசதி அதில் கிடையாது. அதனால் 64 பிட் விண்டோஸ் எதிலும் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்லாததால் கடைசிக் கதவும் சாத்தப்பட்டது. இன்னொரு தொல்லை வேகம். டர்போ பாஸ்கலில் எழுதிய பல புரோகிராம்கள், ஆரம்பிக்கும்போதே கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கும். வேகமான பென்டியத்தில் அந்த விடை ஒதுக்கிய இடத்தில் கொள்ளாது. உடனே 'ரன்டைம் எர்ரர் 200' என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும். கம்ப்யூட்டர் ரொம்ப நன்றாக இருக்கிறது என்பதற்காகவே செத்துப்போகும் புரோகிராம்!

இதற்கெல்லாம் தீர்வு 2002லேயே வந்துவிட்டது. டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள் பழைய ப்ராசஸர், விஜிஏ, சவுண்ட் பிளாஸ்டர் எல்லாவற்றையும் தானே நடித்துக் காட்டுகிறது. வேகத்தைக்கூட கீபோர்டிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எழுதியவர்கள் ஆர்வலர்கள், யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பிற்பாடு கம்பெனிகள் தங்கள் டாஸ் கேம்களைத் தூசி தட்டி மறுபடி விற்க ஆரம்பித்தபோது, பல கேம்களின் கூடவே வந்ததும் இதே டாஸ்பாக்ஸ்தான். ஆக, 'டெக்னிக்கலா முடியாது' என்பது எடுபடாது.

ஆனால் மைக்ரோசாஃப்டையும் சும்மா திட்டக் கூடாது. விண்டோஸ் 95 தயாரான சமயத்தில் சிம்சிட்டி அதில் ஓட மறுத்தது. திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியையே மறுபடி படிப்பது அந்த கேமின் தப்பு. மைக்ரோசாஃப்ட்காரர்கள், சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, அப்படியானால் மெமரியை உடனே பிடுங்காமல் விட்டுவைக்கும்படி விண்டோஸிலேயே தனியாக எழுதி வைத்தார்கள். அடுத்தவன் பிழைக்குச் செய்த சேவை!

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கதை இதைவிட சுவாரஸ்யம். அதில் ஸ்கிம்மர் என்று தண்ணீரில் இறங்கும் விமானம் ஒன்று உண்டு. வைஸ் சிட்டியில் அதைப் படகு என்று எழுதியிருந்தார்கள், சான் ஆண்ட்ரியாஸில் விமானமாக மாற்றினார்கள். விமானத்துக்குத் தர வேண்டிய சக்கர அளவை டேட்டா ஃபைலில் எழுத மறந்துவிட்டார்கள். கேம் என்ன செய்தது? அதற்கு முன்னால் படித்த வண்டியின் அளவு மெமரியில் மிச்சம் கிடந்தது, அதையே எடுத்துக்கொண்டது. இருபது வருஷம் இந்தக் குருட்டு அதிர்ஷ்டத்தில் ஓடியது. விண்டோஸ் 11இன் 24எச்2 அப்டேட் மெமரியின் அந்த மூலையைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டதும் விமானம் கண்காணாமல் போனது. 2025இல் இதைத் துருவிக் கண்டுபிடித்துச் சரிசெய்தது கேமை விற்ற கம்பெனி அல்ல, ஒரு ரசிகர்.

இதுவரை சொன்னதெல்லாம் கவனக்குறைவு, மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது பூட்டு.

2000களின் தொடக்கத்தில் வந்த ஏராளமான சிடி கேம்களில் சேஃப்டிஸ்க் என்று ஒரு காப்பித் தடுப்பு இருந்தது. உள்ளே இருப்பது ஒரிஜினல் சிடிதானா என்று சோதிக்கும். அந்தச் சோதனைக்கு விண்டோஸின் அடிமட்டத்தில் ஒரு டிரைவர் வேண்டும். வீட்டுக்குப் பூட்டு வாங்கினால் பூட்டுக்காரன் படுக்கையறையில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி! 2007இல் அந்த டிரைவரிலேயே பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரிந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அதில் அந்த டிரைவர் இல்லை. அதே வருஷம் ஓர் அப்டேட் மூலம் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் முடக்கிவிட்டார்கள். பாதுகாப்புக் கோணத்தில் மைக்ரோசாஃப்ட் செய்தது சரிதான். விளைவு என்ன? கேம் நன்றாக இருக்கிறது, சிடி நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கிறது. காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவன் ஆட முடியாது. தெருவோரம் அம்பது ரூபாய்க்குப் பூட்டுடைத்த சிடி வாங்கியவன் ஜோராக ஆடலாம். பத்து வருஷமாக 'பைரசி தப்பு' என்று பாடம் நடத்தியவர்கள், யோக்கியனுக்குக் கொடுத்த பரிசு இது.

பூட்டுடைப்பவர்கள் திருடர்கள் என்றால், அந்தத் திருடர்களின் சரக்கைக் கம்பெனிகளே எடுத்துக்கொண்ட கதையை என்ன சொல்ல? 2008இல் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 கேமை டவுன்லோடாக வாங்கியவர்களிடமும் கேம் சிடி கேட்டது. யூபிசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. பிரித்துப் பார்த்தால் அது ரீலோடட் என்னும் பூட்டுடைக்கும் குழுவின் வேலை! 2010இல் ஸ்டீமில் விற்ற மேக்ஸ் பெய்ன் 2க்குள் மித் என்னும் இன்னொரு குழுவின் முத்திரை அப்படியே கிடந்தது. இவர்களா பைரசியைப் பற்றிப் பேசுவது?

'பழைய விண்டோஸையே வைத்துக்கொள்ளேன்' என்பார் சிலர். ஸ்டீமில் வாங்கியவர் எப்படி வைத்துக்கொள்வார்? 2019 தொடங்கியதும் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும், 2024 தொடங்கியதும் விண்டோஸ் 7, 8க்கும் ஸ்டீம் கைகழுவிவிட்டது. 'ஜிஓஜியில் கிடைக்குமே' என்பார் இன்னும் சிலர். 2008இலிருந்து பூட்டில்லாமல் பழைய கேம் விற்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் உரிமை வைத்திருப்பவன் சம்மதித்தால்தானே அங்கேயும் வரும்? அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. ரீமாஸ்டரோ கேட்கவே வேண்டாம். 2020இல் வந்த வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு, காசு கொடுத்து வாங்கிய பழைய வார்கிராஃப்ட் 3 இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. புதுசு வேண்டாம் என்றவனுக்கும் புதுசுதான்.

'சோர்ஸ் கோடைக் கொடுத்தால் வியாபாரம் படுத்துவிடும்' என்பது அடுத்த பூச்சாண்டி. ஐடி சாஃப்ட்வேர் 1997இல் டூமின் சோர்ஸ் கோடை வெளியிட்டது. டூம் இன்றும் விற்கிறது! ஏனென்றால் கொடுத்தது எஞ்சினை மட்டும்தான். படம், சத்தம், லெவல் எல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதனால்தான் புதுசாக எந்த மெஷின் வந்தாலும் அதில் முதலில் டூமை ஓட்டிப் பார்க்க ஓர் ஆள் கிளம்பிவிடுகிறார். 2025இல் ஈஏ கூட கமாண்ட் அண்ட் காங்கர் ஜெனரல்ஸ் உள்ளிட்ட சிலவற்றின் கோடை வெளியிட்டது. ஈஏவுக்கே மனம் வந்தபோது மற்றவர்களுக்கு என்ன கேடு?

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. 2012இல் காப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம். அமெரிக்காவில் நூலகமும் மியூசியமும்கூட விதிவிலக்கு கேட்டு மனுப் போட வேண்டும். பழைய கேம்களை ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி கேட்டார்கள், 2024இல் மறுத்துவிட்டார்கள்.

இன்றைய கேம்களின் கதி இன்னும் மோசம். 2014இல் வந்த தி க்ரூ கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று மூடியது. தனியாக ஆடவும் சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்ததால், வாங்கியவர் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. அந்தக் கோபத்தில் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அவர்கள் இலவசமாக எதையும் கேட்கவில்லை. கடையை மூடும்போது, வாங்கினவன் ஆடும் நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். பழைய சிடி கேம்களுக்கு அதுகூட வேண்டாம், சோதனையை எடுத்துவிட்டு ஒரு கடைசித் திருத்தம் போட்டால் போதும்.

அதற்குக் கம்பெனிகளின் சங்கம் சொன்ன பதில், செலவு கட்டுப்படியாகாதாம். என்ன பெரிய செலவு? 2008இல் யூபிசாஃப்டுக்கு ஒரு டவுன்லோட் ஆனது.