ஃபோமற் அடிக்க முதல் கொஞ்சம் பொறுங்கோ

“தங்கச்சி, ஓஎஸ் போயிட்டுது. ஃபோமற் அடிச்சுத்தான் எடுக்கோணும்.”

கடைக்கார அண்ணா என்ர லப்ரொப்பைத் திறந்து ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது. கறுப்புத் திரையில் இரண்டு மூன்று வரி. அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே ‘க்ரப் ரெஸ்கியூ’ என்று இன்னொன்று, பக்கத்தில் மினுங்கிக்கொண்டு ஒரு கோடு. “உள்ள இருக்கிறது?” என்று கேட்டேன். “அது போகும். வேணுமெண்டா டேட்டா எடுக்கிற ஆக்களிட்டக் குடுக்கலாம், ஆனா காசு கூட” என்றார்.

உள்ளே இருந்தது என்ர இறுதி வருட ஆய்வுக்கு எடுத்த ஒலிப்பதிவுகள். வயதான பெண்கள் பதினொரு பேர், அவர்களுக்குத் தெரிந்த ஒப்பாரிகள். போனில் இடமில்லை என்று எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்திருந்தேன். அந்தப் பதினொரு பேரில் ஒரு அம்மம்மா போன ஆடியில் செத்துப்போனா. மற்றப் பத்துப் பேரிட்டயும் திரும்பப் போகலாம், திட்டினாலும் பாடுவினம். அவவிட்டப் போக ஏலாது.

இந்த நிலைமைக்கு வந்தது முழுக்க என்ர கைவண்ணம்தான். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிறுத்தியது. என்ர லப்ரொப் அண்ணா பாவித்துக் கழித்த பழசு. விண்டோஸ் 11 அதில் ஏறாது. புதுசு வாங்கிற விலையா இங்க? அப்பதான் நண்பர் ஒருவர் உபுண்டுவைப் பற்றிச் சொன்னார். இலவசம், பழைய மெஷினிலும் ஓடும், விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருக்கலாம், ஒன்றும் ஆகாது. இந்த ‘ஒண்டும் ஆகாது’ என்ற வார்த்தையில் எனக்குக் கடைக்கார அண்ணாவில் வந்ததைவிடக் கோவம் கூட. லினக்ஸ் ஆக்கள் ஆயிரம் நன்மை சொல்லுவினம், ‘முதல்ல பைலெல்லாம் வேற இடத்தில கொப்பி பண்ணி வை’ என்று மட்டும் சொல்ல மறந்துபோவினம்.

நிறுவல் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது கரண்ட் போனது. லப்ரொப்பின் பற்றரி எப்பவோ செத்தது. திரும்பப் போட்டால் உபுண்டுவா விண்டோஸா என்று கேட்கும் பட்டியல் வந்தது. உபுண்டுவைத் தெரிந்தால் பாதியில் நின்றது, விண்டோஸ் ஒழுங்காகத் திறந்தது. அந்த இடத்தில் விட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், விண்டோஸுக்குள் போய், உபுண்டுவுக்கு ஒதுக்கின 60 ஜிபி துண்டை அழித்தேன். லினக்ஸ் துண்டை விண்டோஸால் வாசிக்க ஏலாது, அதனால் அது பார்க்க வெறுமையாத்தான் தெரியும். தொல்லை விட்டுது என்று நினைத்து மறுபடி தொடங்கினால், கறுப்புத் திரை.

அண்டைக்கு இரவு விஞ்ஞான பீடத்துச் சீனியர் அண்ணா ஒருவருக்கு போன் எடுத்தேன். அவர் முதலில் சொன்னது, “ஒண்டையும் தொடாத. எதையும் நிறுவாத. லப்ரொப்பை நிப்பாட்டு.” பிறகுதான் விளங்கப்படுத்தினார்.

என்ர மாதிரிப் பழைய மெஷின்களில் ஹாட் டிஸ்கின் முதல் துண்டு 512 பைட். அதற்குள் 446 பைட்டில் ஒரு குட்டி நிரல் இருக்கும். அடுத்த 64 பைட்டில் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை. மிஞ்சின 2 பைட் ஒரு அடையாளம். மெஷினைப் போட்டதும் முதலில் ஓடுவது அந்தக் குட்டி நிரல். உபுண்டு நிறுவும்போது விண்டோஸ் வைத்திருந்த நிரலை எடுத்துவிட்டுத் தன்னுடையதை, அதாவது க்ரப்பை, அங்கே வைக்கிறது. ஆனால் 446 பைட்டுக்குள் எல்லாம் அடங்காது, ஆகவே க்ரப் தனக்கு வேண்டிய மிச்சத்தை உபுண்டுவின் துண்டில் வைத்திருக்கும். நான் அழித்தது அந்தத் துண்டை. வாசலில் நிற்கிற காவலாளியின் திறப்புக் கோர்வை இருந்த அறையை இடித்துப்போட்டு, வீடு காணாமல் போய்ட்டுது என்று அழுதுகொண்டு நின்றிருக்கிறன். வீடு அப்படியே இருந்தது. விண்டோஸ், டி டிரைவ், அம்மம்மாவின் குரல், ஒன்றிலும் யாரும் கைவைக்கவில்லை.

யுனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக் குறி யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் 446 பைட்டில் நூற்றைம்பது குறிகூட எழுத ஏலாது. இந்தப் பந்தியின் அளவுகூட வராத ஒன்று பிழைத்ததற்கு, 500 ஜிபி டிஸ்க்கை முழுக்கத் துடைக்கச் சொன்னார்கள்.

அடுத்த நாள் அறைத்தோழியின் லப்ரொப்பில் உபுண்டு பென் டிரைவ் ஒன்று செய்து, நிறுவாமலே ஓடவிடும் வழியில் என்ர மெஷினைத் திறந்தோம். டி டிரைவ் வந்தது. பதினொரு கோப்புறையும் இருந்தது. கடன் வாங்கின வெளி டிஸ்க்கில் அவை ஏறி முடியும் வரைக்கும் ஒருத்தரையும் அந்த மேசைக்குக் கிட்ட நான் விடேல்லை. அதற்குப் பிறகு விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் பழுதுபார்க்கும் பகுதிக்குப் போய், ‘பூட்ரெக்’ என்ற கட்டளையை ‘ஃபிக்ஸ் எம்பிஆர்’ சேர்த்து அடித்தோம். அது அட்டவணையைத் தொடாமல் அந்தக் குட்டி நிரலை மட்டும் திரும்ப எழுதும். ஒரு வரி. மறுபடி போட விண்டோஸ் வந்தது, நான் விட்டுப்போன இடத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த அத்தியாயத்தோடு. (ஃபோமற் அடித்திருந்தால் பாமினியும் போயிருக்கும். பிறகு அத்தியாயத்தைத் திறக்க ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும். எங்கட பீடத்தில் இதைப் பார்த்துப் பயந்தவை கனபேர்.)

கடைக்கார அண்ணாவைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கு முன்னால் பத்து மெஷின் வரிசையில் கிடக்கும். ஃபோமற் அடித்தால் எது வரும் என்று அவருக்குத் தெரியும். தேடிப் பார்த்துத் திருத்தினால் எவ்வளவு நேரம் என்று தெரியாது, அந்த நேரத்துக்கு நாங்களும் காசு குடுக்கமாட்டம். ஆனால் ‘போயிட்டுது’ என்ற ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு விசயங்களைப் போட்டு மூடுகிறதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஓஎஸ் திறக்காதது ஒன்று. ஓஎஸ் பழுதானது வேறொன்று. அட்டவணையில் இருந்து ஒரு துண்டின் பதிவு மட்டும் அழிந்தது இன்னொன்று. அதைக்கூட டெஸ்ற்டிஸ்க் போன்ற இலவச மென்பொருள் பல நேரம் மீட்கும். டிஸ்க்கே செத்தது கடைசி. முதலாவதுக்குக் கடைசியின் மருந்தைக் குடுக்கிறோம். அதுவும், உண்மையில் அழிவது அப்போதுதான்: பழைய பைல்கள் கிடக்கும் இடத்தின் மேல் புது விண்டோஸை எழுதினால், எழுதினது எழுதினதுதான்.

எங்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. கலைப்பீடத்தில் கணினிப் பாடம் என்றால் வேர்ட், எக்செல், பவர்பொயின்ற். எந்தப் பட்டனை அமத்தினால் எழுத்துத் தடிக்கும் என்று பரீட்சையில் எழுதினேன். டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று ஒருதரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ‘உது சயன்ஸ் ஆக்களின்ர வேலை’ என்று நாங்களே சொல்லிக்கொள்ளுவம். ஆனால் களத்துக்குப் போய்க் குரல் பதிகிறது யார்? பழைய கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் ஸ்கேன் பண்ணுகிறது யார்? இழக்க ஏலாத பைல்கள் கூட இருக்கிறது எங்கட லப்ரொப்பிலதான்.

புதிய லப்ரொப் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் கதை கொஞ்சம் வேறு. யூஈஎஃப்ஐ உள்ள மெஷின்களில் விண்டோஸின் தொடக்க நிரலும் உபுண்டுவின் தொடக்க நிரலும் தனியான சின்னத் துண்டு ஒன்றில் பக்கம் பக்கமாக இருக்கும். விண்டோஸ் திறக்காவிட்டால் மெஷினைப் போடும்போதே பூட் மெனுவுக்குப் போய் ‘விண்டோஸ் பூட் மனேஜர்’ இருக்கிறதா என்று பாருங்கோ. பல நேரம் அதோடு அலுவல் முடிந்துவிடும். ஆனால் பிட்லொக்கர் போட்டிருந்தால், 48 இலக்க மீட்புத் திறப்பு இல்லாமல் யாராலும் உள்ளே போக ஏலாது, சீனியர் அண்ணாவாலும்தான். உபுண்டு பக்கம் போக முதலே அதைக் கடதாசியில் எழுதி வையுங்கோ. நிறுவும்போது ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்ற தெரிவு வந்தால் கையை எடுங்கோ.

போன கிழமை அந்த அம்மம்மாவின் மகள் வந்தவ. தாயின் குரல் ஒரு பிரதி வேணும் என்று பென் டிரைவும் கொண்டுவந்திருந்தா. இருவரும் இருந்து முதல் பத்து நிமிசம் கேட்டோம். நடந்ததை நான் அவவுக்குச் சொல்லேல்லை. உபுண்டுவும் இன்னும் போடேல்லை. முதல்ல ஒரு பற்றரி வாங்கோணும்.