மலைவாசியின் செவி யாருக்குச் சொந்தம்?

பொதுவீதியில் செல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், வீதியின் இரு மருங்கிலும் குடியிருப்போரின் செவிகளையும் வீதியோடு சேர்த்துத் தமதாக்கிக்கொள்ளும் உரிமை எவருக்காவது உண்டா? ஐரோப்பாவின் மலைப் பிரதேசங்களில் கிராமவாசிகளுக்கும், வார இறுதியில் உல்லாசமாக மலையேறும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் இடையே மூண்டிருக்கும் பிணக்கின் சாரம் இக்கேள்விதான். மலைநாட்டையுடைய நாமும் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஒஸ்திரியா நாட்டின் மேற்கே, அல்ப்ஸ் மலைத்தொடரில் அமைந்தது திரோல் மாநிலம். அதன் வடமேற்கு மூலையில், ஜேர்மனியின் எல்லையை ஒட்டி ரொய்ட்டே மாவட்டம் இருக்கிறது. லெக் ஆற்றுப் பள்ளத்தாக்கு, டான்ஹைம் பள்ளத்தாக்கு, 1,894 மீற்றர் உயரத்திலுள்ள ஹான்டென்யோக் கணவாய் ஆகியவற்றினூடே வளைந்தும் நெளிந்தும் செல்லும் வீதிகள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரைக் காந்தம்போல் இழுக்கின்றன. பனிக்காலத்தில் கணவாய் மூடப்படும். ஆகவே ஆண்டின் ஓட்டமெல்லாம் வெயிற்காலத்தில், அதிலும் விடுமுறை நாட்களில் வந்து குவிகிறது. மலைக் கமக்காரன் பனிக்காலத் தீவனத்துக்குப் புல் அறுத்து உலர்த்துவதும், வீட்டார் யன்னல்களைத் திறந்து வைப்பதும் அதே காலத்தில்தான்!

"பட்டணத்து வீதிகளில் இல்லாத இரைச்சலா?" என்று சிலர் கேட்கலாம். மலையின் இயல்பை அறியாதவர் கேட்கும் கேள்வி இது. பட்டணத்தில் ஓர் இரைச்சல் ஆயிரம் இரைச்சலுள் மறைந்துபோகும். பள்ளத்தாக்கிலோ அதை மறைக்க வேறு ஓசை இல்லை. எதிர்மலை அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. வீடுகள் வீதிக்கு மேலே சரிவில் இருப்பதால், தடுப்புச் சுவர் எழுப்பினாலும் ஓசை அதன் தலைக்கு மேலாகச் சென்றுவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வேகத்தைத் தணித்து, அதைக் கடந்ததும் இயந்திரத்தை முறுக்கி ஏறவேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஓசையை அளக்கும் டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கன்று. பத்து டெசிபல் கூடினால் ஓசையின் சக்தி பத்து மடங்காகிறது. செவிக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கிறது. ஆகவே பத்துப் பேர் அடக்கமாகச் சென்றாலும், பதினோராமவன் ஒருவனே அந்தப் பத்துப் பேருக்கும் ஈடான ஓசையை எழுப்பிவிடக் கூடும். ஒருசிலரால் ஒரு பள்ளத்தாக்கே நிம்மதி இழப்பது இவ்வாறுதான்.

இதற்குச் சட்டம் என்ன செய்தது? சராசரி பார்த்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டி, வீதிப் போக்குவரத்தின் சராசரி ஓசை 53 டெசிபலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்றது. நல்லது. ஆனால், பனி மூடிய மாதங்களின் மௌனத்தையும் ஞாயிற்றுக்கிழமையின் உறுமலையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் கிடைக்கும் இலக்கம் யாருடைய துன்பத்தைக் காட்டும்? சராசரியைக் கேட்டு எவரும் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்ததில்லை.

ரொய்ட்டே மாவட்ட நிர்வாகம் வேறு வழியை நாடியது. வண்டி நிற்கும் நிலையில், புகைக்குழாய்க்கு அரை மீற்றர் தொலைவில் அளந்த ஓசையின் இலக்கம் வாகனப் பதிவுப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த இலக்கம் 95 டெசிபலுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் குறிப்பிட்ட மலைவீதிகளில் செல்லலாகாது என்று 2020 யூன் 10 முதல் ஒக்டோபர் 31 வரை தடை விதித்தது. உள்நாட்டார், வெளிநாட்டார் என்ற பேதமில்லை. பொலிஸாருக்கு அளவுகருவியும் வேண்டியதில்லை. பத்திரத்தை வாசித்தால் போதும். பின்வந்த ஆண்டுகளிலும் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து இத்தடை தொடரப்பட்டது.

ஆட்சேபனைகள் எழாமலில்லை. நிற்கும் வண்டியின் ஓசையும் ஓடும் வண்டியின் ஓசையும் ஒன்றல்ல என்றனர். உண்மைதான். 96 டெசிபல் வண்டியை அடக்கமாக ஓட்டுபவன் தடுக்கப்படுகிறான். 94 டெசிபல் வண்டியை அலறவிடுபவன் தப்பிவிடுகிறான். ஆயினும் எல்லைக்கோடு இன்றிச் சட்டம் இல்லை. அளவுகோல் குறையுடையதென்றால் அதைத் திருத்தவேண்டுமேயன்றி அளப்பதையே கைவிடலாகாது.

அரசாங்கம் அங்கீகரித்து விற்க அனுமதித்த வண்டியைத் தடுப்பது எப்படி நியாயமாகும் என்றும் கேட்டனர். சட்டப்படி வாங்கிய பாரவண்டியாயினும் சிறு பாலத்தின் மேல் செல்ல முடியாதல்லவா? விற்பனைக்குத் தந்த அனுமதி எல்லா வீதிகளுக்கும் தந்த அனுமதியாகாது. பாலத்துக்குத் தாங்கும் அளவு உண்டென்றால் மனிதனுக்கு இல்லையா?

ஜேர்மனியில் நடந்ததையும் பாருங்கள். மாநிலங்களின் சபை 2020 மே 15இல், புதிய மோட்டார் சைக்கிள்களின் ஓசைக்கு 80 டெசிபல் என்ற உச்ச எல்லையையும், ஞாயிறு, விடுமுறை நாட்களில் தடை விதிக்க வழியையும் கோரித் தீர்மானித்தது. யூலையில் ஆயிரக்கணக்கானோர் நகரங்களில் மோட்டார் சைக்கிள்களோடு திரண்டு எதிர்த்தனர். மத்திய போக்குவரத்து மந்திரியும் தடைக்கு இணங்கவில்லை. சத்தம் செய்வோரின் குரல் தலைநகரை எட்டுகிறது. சத்தத்தைச் சகிப்போரின் குரல் மலையை விட்டு இறங்குவதில்லை. துன்பம் எங்கே இருக்கிறதோ, அதைத் தீர்க்கும் அதிகாரமும் அதன் அருகே இருக்கவேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நமது நாட்டு நிலை என்ன? 1996ஆம் ஆண்டின் ஓசைக் கட்டுப்பாட்டு விதிகள் பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என எல்லை வகுத்தன. ஆனால் அந்த அளவை எடுக்கும் இடம் எது? ஓசை பிறக்கும் காணியின் எல்லை. ஓடும் மோட்டார் சைக்கிளுக்குக் காணி ஏது, எல்லை ஏது? ஆலைக்காரன் அகப்படுவான்; வீதியில் அலறிச் செல்பவன் அகப்படமாட்டான். ஒலிபெருக்கி பற்றிய வழக்கொன்றில் 2007இல் உயர் நீதிமன்றம், விரும்பாத ஓசையைக் கேட்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்ற கொள்கையை ஏற்றது. அக்கொள்கை ஒலிபெருக்கியோடு நின்றுவிடலாமா? வீதியோரத் தோட்ட லயனில், மெல்லிய சுவருக்குள், விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்லவேண்டிய தொழிலாளிக்கும் அது உரியதல்லவா?

நாம் கேட்பவை மூன்று. வாகனப் பதிவுப் பத்திரத்தில் ஓசையின் இலக்கம் எழுதப்படவேண்டும். சைலென்சரைக் கழற்றியும் மாற்றியும் ஓட்டுவோரைப் பொலிஸார் தயவு தாட்சணியமின்றித் தடுக்கவேண்டும். எந்த வீதியில், எந்த நேரத்தில், எவ்வளவு ஓசை என்று வரையறுக்கும் அதிகாரம் உள்ளூர்ச் சபைகளுக்கு வழங்கப்படவேண்டும்.

மலையின் அழகைக் காண வருவோர் வரட்டும், வரவேற்போம். ஆனால் அந்த மலை காட்சிப்பொருள் மட்டுமன்று, அங்கே வாழ்வோரின் வீடு. வீட்டுக்கு வரும் விருந்தினன் வீட்டாரின் உறக்கத்தைப் பறிக்கலாகாது.