வாரிசற்ற பாழ்வீடு: நீதிமன்றத்தை நாடக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், தெருக் குடியிருப்போர் நலச் சங்கம்.
பெறுநர்: நகராட்சி ஆணையர் அவர்கள்.
நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: வாரிசற்ற வீடு – அரசின் உரிமையை நிலைநாட்ட வழக்குத் தொடரப் பரிந்துரைக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: இச்சங்கத்தின் முந்தைய நான்கு மனுக்கள்.

ஐயா,

எங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவுபெற்றது.

1. முதல் மனுவில் எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம். அது கோப்பில் இருக்கிறதா என்பது எங்களுக்குத் தெரியாது. தெரு நடுவிலுள்ள ஓட்டுவீட்டில் தனியே வாழ்ந்த அம்மையார் காலமானபோது, உறவென்று ஒருவரும் வரவில்லை. தெருக்காரர்களே கூடி இறுதிக் காரியம் செய்தோம். அன்று போட்ட பூட்டு இன்னும் தொங்குகிறது. கூரை உள்வாங்கியதையும், தெருப்பக்கச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டதையும் இரண்டாம் மனுவில் படத்துடன் காட்டினோம். கொசு ஒழிப்புப் பணியாளர் வாராவாரம் வந்து ‘பூட்டியுள்ளது’ என்று குறித்துக்கொண்டு திரும்புவதை மூன்றாவதில் சொன்னோம். நான்காவதற்குத்தான் ஒரு வரி பதில் கிடைத்தது: தனியார் சொத்து, தலையிட இயலாது.

எந்தத் தனியார்? அம்மையாரின் இறப்பு தங்கள் அலுவலகப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அதே அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவு அரையாண்டுதோறும் அவர் பெயருக்கே சொத்துவரிக் கேட்பு அனுப்புகிறது. கதவிடுக்கில் செருகிய தாள்கள் மழையில் ஊறிக் கட்டியாகிக் கிடக்கின்றன.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 29, உயிலும் வாரிசும் இன்றி இறந்தவரின் சொத்து, அதன் கடன் பொறுப்புகளோடு அரசைச் சேரும் என்கிறது. வரி நிலுவை இதற்குத் தடையல்ல என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். நேரில் கேட்டபோது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருப்பதால் தொட முடியாது என்றார் ஓர் அலுவலர். அந்தத் தீர்ப்பை நாங்களும் படித்தோம். ஹரித்வார் ஆசிரமச் சொத்து வழக்கில் 2017இல் வந்தது அது. வாரிசு இல்லை என்று ஆட்சியர் தம் ஆணையாலேயே முடிவுகட்ட முடியாது. அப்படிச் சொல்பவர்தான் உரிய நீதிமன்றத்தில் அதை மெய்ப்பிக்க வேண்டும். அந்தச் சுமை கனமானது. தீர்ப்பு மூடியது ஆணை போடும் குறுக்குவழியை மட்டுமே. நீதிமன்ற வாசல் திறந்தே இருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது பூட்டை உடைப்பதை அல்ல. அரசு வழக்கறிஞர் வழியாக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடருமாறு ஆட்சியருக்குத் தாங்கள் பரிந்துரை அனுப்ப வேண்டும். நாளிதழில் பொது அறிவிப்பு வரட்டும். கணவர் வழியில் தூரத்து உறவு யாரேனும் இருந்தால் வந்து வீட்டை எடுத்துக்கொள்ளட்டும், சுவரைக் கட்டட்டும், எங்களுக்கு மகிழ்ச்சியே. எவரும் வராவிட்டால், அரசைச் சேர்ந்தபின் அந்த இடத்தை அங்கன்வாடிக்காக நகராட்சிக்கு ஒப்படைக்கக் கோரலாம். தாமதித்தால், கொல்லைப்புறத்தில் இப்போது மரச்சட்டம் அடுக்கி வைத்திருப்பவர் 12 ஆண்டு அனுபவ பாத்தியதை பேசத் தொடங்குவார்.

2. வழக்கு முடியும்வரை, இடியும் நிலையிலுள்ள தெருப்பக்கச் சுவருக்குத் தடுப்பு அமைக்க வேண்டும்.

3. தெருமுனை விளக்கைப் பழுதுநீக்க வேண்டும்.

4. வடிகாலைத் தூர்வார வேண்டும்.

5. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும்.

இரண்டு முதல் ஐந்து வரையுள்ளவை காத்திருக்கலாம். முதல் கோரிக்கைக்கு மட்டும், பரிந்துரை அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் நாளையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்