ஆல்பம்னா என்னாங்க?

நம்மூர்ல ஆல்பம்னு சொன்னா ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு கல்யாண ஆல்பம். இன்னொண்ணு "ஆல்பம் சாங்". அதாவது ஏற்காட்டுல ஒரு பையன் ஒரு பொண்ணு பின்னாடியே நடப்பான், மேலேருந்து ட்ரோன் சுத்தும், நாலு நிமிஷத்துல கதை முடிஞ்சிடும். சினிமாவுல வராத ஒத்தைப் பாட்டுக்குப் போய் ஆல்பம்னு பேர் வெச்சவரைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன் :-)

பத்து பாட்டை ஒருத்தர் உக்காந்து, இது முன்னாடி, இது பின்னாடின்னு யோசிச்சு அடுக்கினா அது ஆல்பம். அந்த அடுக்குக்கு ஒரு மரியாதை உண்டு. போன ஒரு வருஷத்துல அப்படி வரிசை மாறாம கேட்டதுல மனசுல நின்னதை எழுதறேன். எதுவும் புதுச் சரக்கு இல்லை மக்களே. எனக்குப் புதுசு, அவ்வளவுதான்.

இப்படிக் கேக்க வெச்ச புண்ணியம் கல்வராயன் மலைக்குத்தான். வேலை விஷயமா வாரத்துக்கு ரெண்டு தடவை நைனார்பாளையத்துலேருந்து வெள்ளிமலை போக வேண்டியிருக்கு. சின்னசேலம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம்னு பஸ் மாறி, கோமுகி அணை தாண்டி வண்டி மலையேற ஆரம்பிச்சா போன்ல சிக்னல் புட்டுக்கும். "உங்களுக்கு இது பிடிக்கும்"னு தானா எடுத்துப் போடற ஆப் எல்லாம் வாயை மூடிக்கும். வீட்டுலயே இறக்கி வெச்ச ஆல்பம்தான் துணை. வளைவுல கம்பியைப் பிடிக்கவே கை போதாது, இதுல எங்க பாட்டை மாத்தறது?

முதல்ல இளையராஜாவோட "ஹவ் டு நேம் இட்?" 1986ல வந்தது. பாக்குக்கும் தியாகராஜருக்கும் சமர்ப்பணம். பாட்டே கிடையாது, வாத்தியம் மட்டும். இதுலேருந்து சில துண்டுகளை பாலு மகேந்திராவோட "வீடு" படத்துல கேட்டிருப்பீங்க. ஆனா முழுசாக் கேக்கறது வேற. "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்"னு ஒண்ணு. அதுக்கு அடுத்தது "அண்ட் வீ ஹேட் எ டாக்". பாக்கை என் வீட்டுல சந்திச்சேன், அப்புறம் பேசிக்கிட்டிருந்தோம்! கலைச்சுப் போட்டுக் கேட்டா, ஆள் வர்றதுக்கு முன்னாடியே பேச்சு முடிஞ்சிருக்கும். வி.எஸ்.நரசிம்மன் வயலினைப் பத்தி எழுத எனக்கு சங்கீத அறிவு பத்தாது, விட்டுடறேன். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன்ல ராஜா சிம்பொனி அரங்கேத்தினப்ப நம்மாளுங்க ஆடின ஆட்டம் இருக்கே! ஸ்டேட்டஸ் வெச்சவங்கள்ல எத்தனை பேர் இந்த 1986 சரக்கை ஒரு தடவையாவது முழுசாக் கேட்டிருப்பாங்கன்னு எனக்கு ஒரு சின்ன சந்தேகம்.

மலேசியாவோட யோகி பி அண்ட் நட்சத்ரா குழுவின் "வல்லவன்" (2006) பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. "மடை திறந்து" மட்டும் தெரிஞ்சவங்க மிச்சத்தையும் கேட்டுடுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எம்.ஐ.ஏ.வோட "கலா", 2007. லண்டன்ல பிறந்து, யாழ்ப்பாணத்துல வளர்ந்து, திரும்ப அகதியா லண்டன் போன பொண்ணு. முதல் ஆல்பத்துக்கு அப்பா பேர், "அருளர்". இதுக்கு அம்மா பேர். முதல் பாட்டு "பாம்பூ பாங்கா"வுலயே தளபதி படத்து "காட்டுக்குயிலு" எட்டிப் பாக்குது. அடுத்ததா "பேர்ட் ஃப்ளூ". ஆரம்பிச்ச உடனே பஸ்ல நிமிர்ந்து உக்காந்துட்டேன். உருமி! சென்னையில நம்ம ஆளுங்களை உருமி அடிக்க வெச்சுப் பதிவு பண்ணினது. அதை உலகமே ஆடற பாட்டா ஆக்கியிருக்காங்க.

ஊர்ல மாமா ஒருத்தருக்கு ஹெட்போனை மாட்டி விட்டேன். கேட்டுட்டு, "எந்த ஊர் செட்டுடா மாப்ள இது?"ன்னாரு. லண்டன் பொண்ணு ஆல்பம் மாமான்னேன். "அதான பாத்தேன், சூப்பரா இருக்கு"ன்னாரு. இதே மாமா, திருவிழாவுக்கு நம்ம பக்கத்து ஆளுங்களையே கூப்பிடலாம்னு நான் சொன்னப்ப, "அது சாவு மேளம்டா, கோயிலுக்கு செண்டைதான் கெத்து"ன்னவரு. அடி அதே அடிதான். லண்டன் வழியா வந்தா இசை, பக்கத்துத் தெருவுலேருந்து வந்தா தீட்டு. தோலுக்கும் குச்சிக்கும் சாதி கிடையாது, அடிக்கிற கையைப் பாத்துதான் நம்ம காது வேலை செய்யுது.

அதனாலதான் கடைசியாக் கேட்ட ஆல்பம் பெரிசாத் தெரிஞ்சது. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவோட "மகிழ்ச்சி" (2018). பா.இரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து ஆரம்பிச்சது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியற்ற தமிழர்ங்கிறதுலேருந்து எடுத்த பேரு. கானா, பறை, ராப், கிடார் எல்லாம் ஒண்ணாக் கலந்து வருது. பறை இங்க பின்னாடி ஓரமா நிக்கலை, நடுவுல நிக்குது. சில பாட்டு பிரச்சாரம் மாதிரி இருக்கேன்னு சொல்றவங்க உண்டு. எனக்கும் ஒண்ணு ரெண்டு இடத்துல இசையை விட கோஷம் முந்திக்கிற மாதிரி இருந்துச்சு. ஆனா இத்தனை வருஷம் பேச விடாதவன் மொதல்ல சத்தமாத்தான் பேசுவான்.

எங்க பக்கம் உருமி, பறை அடிக்கிற செட்டுங்க குறைஞ்சிக்கிட்டே வருது. பசங்க திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போயிடறாங்க. அவங்க அடிக்கிறதை யாரும் ஒரு ஆல்பமா அடுக்கி வெக்கலை. நான் போன்ல பதிஞ்சு வெச்சிருக்கறது பதினோரு நிமிஷம். நடுவுல ஒரு ஹார்ன் சத்தம் வேற.

ஆடி மாசம் வசூல் நோட்டோட வருவாங்க. சொல்லி வெச்சுட்டேன்: உருமி செட்டுன்னா ஆயிரம், செண்டைன்னா அம்பது. மாமா பேச்சே குடுக்க மாட்டேங்கிறாரு :-)