பேரீச்சம்பழத்துக்குப் போடாத பொட்டி

போன ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருத்தர் புதுப்பட்டினத்துக்கு நம்ம வீட்டுக்கு வந்திருந்தார். மகாபலிபுரம் பார்த்துட்டு, அப்படியே மீன் குழம்பும் ஒரு கை பார்த்துட்டுப் போறதாக திட்டம். சாப்பிட்டு முடிச்சதும் மாடி ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் என் பொக்கிஷத்தைக் காட்டினேன். பழுப்பேறின கேபினட், உள்ளே ஒரு பென்டியம் எம்எம்எக்ஸ், ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் சவுண்ட் பிளாஸ்டர் 16. மனுஷன் ரெண்டு நிமிஷம் உத்துப் பார்த்தார். "ஏன் பாஸ் இந்தக் குப்பையைக் கட்டிக்கிட்டு அழறீங்க? இந்தச் சத்தம்தான் வேணும்னா எமுலேட்டர்ல ஓசியிலயே வருமே. பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க"ன்னார்.

நம்ம வீட்டு மீன் குழம்பு சாப்பிட்ட வாய் என்பதால் அப்போ ஒண்ணும் சொல்லலை. இப்போ சொல்லிடறேன்.

முதல்ல ஒப்புக்க வேண்டியதை ஒப்புக்கறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்த கார்டில் இருக்கிற யமஹா ஓபிஎல்3 சிப்பை இன்னைக்கு எமுலேட்டர்கள் அச்சு அசலாகப் பண்ணுகின்றன. கண்ணை மூடிட்டுக் கேட்டா எனக்கே வித்தியாசம் தெரியாது. "பழைய சிப்புல ஒரு உயிர் இருக்கு"ன்னு உருகுற கோஷ்டியில் நான் கிடையாது. சொல்லப்போனா அந்தக் கோஷ்டி மேலேயும் எனக்குக் கோபம் உண்டு. யானை விலை கொடுத்து கார்டு வாங்கி, அலமாரியில் வச்சு லைட் போட்டு, சின்ன வயசு கேம் பாட்டை நாலு தடவை ஓட்டிட்டு மூடி வச்சுடறாங்க. அது இசை இல்லைங்க, கொலு.

என் சண்டை சத்தத்தைப் பத்தி இல்லை. கட்டத்தைப் பத்தி.

இன்னைக்கு மியூசிக் சாஃப்ட்வேர் பெரும்பாலும் எதைத் திறந்தாலும் இடது பக்கம் பியானோ கட்டைகள் வரிசையா நிக்கும். வலது பக்கம் கட்டம் கட்டமா ஒரு மைதானம். நீங்க போடற ஸ்வரம் ஏதாவது ஒரு கட்டத்துக்குள்ளே போய் உக்காரணும். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டம், அவ்வளவுதான். 1983இல் வந்த மிடி முறைக்கும் அடிப்படை இதுதான்: எந்தக் கட்டை, எவ்வளவு வேகமா அழுத்தினே, எப்போ விட்டே. சுருதியை வளைக்க வழி இருக்கு, ஆனா அது ஒரு சேனலுக்கு ஒண்ணுதான். ஒரே சேனலில் மூணு ஸ்வரம் ஒலிச்சா மூணும் சேர்ந்து வளையும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் தனியா வளைக்க 2018இல் எம்பிஇ, 2020இல் மிடி 2.0 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் நமக்கு என்ன நஷ்டம்? தோடியை எடுத்துக்குங்க. அதன் ஸ்வரங்களைக் கட்டத்துக்கு ஒண்ணா நேரா வாசிச்சா, மேற்கத்தியர்கள் ஃப்ரிஜியன்னு சொல்ற ஸ்கேல்தான் வரும். தோடி வராது. ஏன்னா தோடியோட காந்தாரம் ஒரு இடத்தில் நிக்கிற ஆசாமியே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் ஊசலாடற அந்த ஆட்டத்துக்குத்தான் காந்தாரம்னு பேரு. ஆட்டத்தை எடுத்துட்டா ராகமே காணாமப் போயிடும்.

இது புதுப் பஞ்சாயத்து இல்லை. 1940இல் ஆர்மோனியத்தை வானொலியில் தடை பண்ணினதுக்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒண்ணு. கட்டை வளையாது, கமகம் வராது. 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. அதே சமயம், அதுவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான், வயலின். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து நம்ம கச்சேரி மேடையில் ஜம்முனு உக்காந்திருக்கு. கழுத்தில் மெட்டு கிடையாது, விரல் எங்கே வேணும்னாலும் வழுக்கலாம். அதனாலதான் நம்மதாச்சு. எந்த ஊர்ல பண்ணினது, எந்த வருஷத்தது என்பதெல்லாம் கணக்கே இல்லை. வளையுமா, வளையாதா?

இப்போ என் குப்பைக்கு வரேன். ஓபிஎல் சிப்புக்கு ஸ்வரம்னா என்னன்னே தெரியாது. பியானோ கட்டை தெரியாது, பன்னிரண்டு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டு எண்தான். எந்த ஸ்தாயி என்று 0 முதல் 7 வரை ஒண்ணு, அதுக்குள்ளே எங்கே என்று 0 முதல் 1023 வரை இன்னொண்ணு. 440 ஹெர்ட்ஸ் வேணும்னா ஸ்தாயி 4, எண் 580. அதையே 581 ஆக்கினால் சுருதி முக்கால் ஹெர்ட்ஸ் ஏறும். அந்த இடத்தில் அடுத்த கட்டைக்குப் போக 34 படி இருக்கு! சிப்பை வாயை மூடச் சொல்லாம எண்ணை மட்டும் மாத்திக்கிட்டே போனா, ஒரே மூச்சில் சுருதி வழுக்கும்.

இதுக்கு என்ன சாஃப்ட்வேர்? சிரிக்காதீங்க, டர்போ சி. காலேஜ் லேப்ல அந்த நீலத் திரையைப் பார்த்து "இது எங்க தாத்தா காலத்துது"ன்னு கிண்டல் பண்ணினவன்தான் நானும். அதில் இருக்கிற அவுட்போர்ட்பி என்கிற ஒரே ஒரு ஃபங்ஷனை வச்சு நொடிக்கு 200 தடவை சிப்புக்குப் புது எண் அனுப்பினேன். காந்தாரம் ஆடுச்சு.

பெருமையா பக்கத்துத் தெருவில் பாட்டு சொல்லித் தர்ற மாமிகிட்ட பதிவு பண்ணிப் போட்டுக் காட்டினேன். "என்னடா இது, தோடிக்குக் குளிர் ஜுரமா?"ன்னாங்க. நான் சைன் அலையைப் போட்டு மேலும் கீழும் சமமா ஆட்டியிருந்தேன். மாமி பாடிக் காட்டினாங்க. ஊஞ்சல் மாதிரி இல்லை அது. ஒரு பக்கம் கொஞ்சம் தங்கி, மறுபக்கம் தொட்டும் தொடாமலும் திரும்புது. அதைப் பதிவு பண்ணி, வளைவை அளந்து, எண்ணா மாத்தி மறுபடி போட்டேன். "இப்போ தோடின்னு தெரியறது. தூங்கி எழுந்த தோடி"ன்னாங்க. எனக்கு அது போதும். கட்டத்தோட மாரடிச்ச வருஷங்களில் காந்தாரத்தைப் பத்தித் தெரியாதது, அந்த ஒரு வாரத்தில் தெரிஞ்சது.

"அதான் எமுலேட்டர்லயும் ரெஜிஸ்டர்ல எழுதலாமே?" எழுதுங்க சார், தாராளமா எழுதுங்க! இல்லைன்னா கீபோர்டிலேயே வளைங்க. கே. சத்யநாராயணன் அதில் கர்நாடகக் கச்சேரியே பண்றாரே. 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ன பண்ணினார்? பாஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காதவங்களுக்காக ரோலண்ட் கம்பெனி பண்ணின டிபி-303 என்ற சின்னப் பொட்டி. அதில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொண்ணுக்கு வழுக்கற வசதி இருந்ததைப் பிடிச்சுக்கிட்டு, பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு ரெக்கார்டே வெளியிட்டார். அப்போ யாரும் சீந்தலை. 2010இல் மறுபடி வெளியானப்போ, சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் பிறக்கறதுக்கு முன்னாடியே இப்படி ஒண்ணான்னு வெளிநாட்டுக்காரங்க வாயைப் பிளந்தாங்க. அவர் காத்திருந்து "இந்தியன் மியூசிக் பேக்" வாங்கலை. கையில் இருந்த பொட்டி எங்கே வளையும்னு தேடினார்.

நாம தேடறதில்லை. சிதார், தபலா துண்டுகளைக் காசு கொடுத்து வாங்கி, அதே பன்னிரண்டு கட்டத்துக்குள்ளே ஒட்டிட்டு "ஃப்யூஷன்"னு பேர் வச்சுக்கறோம். என் கோபம் அதுமேலதான்.

சரி, அப்புறம் ஏன் பொட்டியைத் தூக்கிப் போடலை? அதில் கட்டம் போட்ட திரை கிடையாது. ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் டாஸ் மட்டும்தான் கண் சிமிட்டும். அங்கே எனக்குத் தப்பிக்க வழியில்லை, சுருதியைப் பத்தி யோசிச்சே ஆகணும். புது லேப்டாப்பில் உக்காந்தா பத்தாவது நிமிஷம் கை தானா பியானோ கட்டைக்குப் போயிடுது. என் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும்.

கடலோரம் என்பதால் உப்புக் காத்துல கார்டோட பல்லெல்லாம் பாசி பிடிக்கும். மாசம் ஒருதடவை கழட்டி அழிரப்பர் போட்டுத் தேய்க்கணும். உப்பின கெபாசிட்டரை மாத்தறதுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் ஓடணும். பரவாயில்லை. தம்புராவுக்கும்தான் தந்தி மாத்தறோம்.

பழசு என்பதற்காக வச்சிருக்கலை நண்பரே, வளையுது என்பதற்காக வச்சிருக்கேன். அடுத்த ஞாயிறும் வாங்க, வஞ்சிரம் வாங்கி வைக்கறேன். ஆனா இந்தத் தடவை தோடியைக் கேட்டப்புறம்தான் சாப்பாடு.