பொன்னாடையால் ஒரு புத்தகத்தை மூடுவது எப்படி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிப்போட்டு ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போனேன். ஞாயிறு மத்தியானம் ரெஸ்ரோரண்டில் லீவு கேட்டால் பிறகு ஒரு கிழமைக்கு செஃபின் முகத்தைப் பார்க்க ஏலாது. ஆனாலும் போனேன். புத்தகம், என்னோடு ஒரே குசினியில் பதினொரு வருசமாக நிற்கிற அண்ணையின் மகளுடையது. கிராபிக் நாவல். ஊரில் நாங்கள் கொமிக்ஸ் என்று சொன்னதன் பெரிய தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் தாயும் பிள்ளையுமாக முள்ளிவாய்க்காலில் இருந்து செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்த கதை. 142 பக்கம், கறுப்பு வெள்ளை, பிரெஞ்சில். இருபத்தைந்து வயதுப் பிள்ளை நாலு வருசமாக இருந்து கீறியது.

வீட்டுக்கு வந்த பிறகு நித்திரை வரவில்லை. அதுதான் எழுத வெளிக்கிட்டேன். வாசிக்கிற சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மூன்று மணி என்று போட்டிருந்தார்கள், நாலரைக்குத் தொடங்கியது. மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, ஆய்வுரை என்று பதினொரு பேர் பேசினார்கள் (எண்ணினேன்). அதில் ஒன்பது பேர் புத்தகத்தைத் திறந்தும் பார்க்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஒருவர் "இந்தக் கவிதைத் தொகுப்பு" என்றே இரண்டு தரம் சொன்னார். முதற்பிரதி ஒரு கடை முதலாளிக்கு. பிறகு சிறப்புப் பிரதிகள், கவர்கள், படம் எடுப்பு. பிள்ளைக்கு ஏழு பொன்னாடை. ஏழாவது போர்த்தியபோது அவளின் நாடிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ஏற்புரைக்கு அவள் எழும்பியபோது, "நேரம் போகுது, பிள்ளை சுருக்கமாச் சொல்லுங்கோ" என்றார்கள். ஐந்து நிமிடம் கிடைத்தது.

அதற்கு முதல் ஆய்வுரை செய்த ஒருவர் புத்தகத்தை உண்மையிலேயே வாசித்திருந்தார். 87ஆம் பக்கத்தை விரித்துச் சபைக்குக் காட்டினார். அந்தப் பக்கத்தில் அம்மம்மா தன் பதினாறு வயது மகனை, இயக்கம் பிடித்துக்கொண்டு போகாமல், கிடங்கு வெட்டி ஒளித்து வைக்கிறா. "தமிழில் வரும்போது இந்தப் பக்கம் இருக்கக் கூடாது. எதிரிக்குத் தீனி போடக் கூடாது" என்றார். கைதட்டினார்கள். அதே புத்தகத்தில் ஆஸ்பத்திரியில் ஷெல் விழுகிற பக்கங்கள் பதினாலு இருக்கின்றன. அவற்றை அவர் விரித்துக் காட்டவில்லை.

முன்வரிசையில் பிள்ளையின் தாய் இருந்தா. ஒளித்து வைத்த பெடியன் அவவின் சொந்தத் தம்பி. பிறகும் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அது 91ஆம் பக்கம். தாய் குனிந்தபடியே இருந்தா.

மண்டபத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. விற்றது 31 புத்தகம்.

நிற்க. நானும் யோக்கியன் இல்லை. நாலு வருசத்துக்கு முதல் அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டு, "மகள் படிப்பு முடிச்சிட்டாள், இனிப் படக்கதை கீறப்போறாளாம்" என்று சொன்னபோது, "படம் கீறிச் சோறு தின்னேலுமோ அண்ணை? கணக்கியலுக்கு ஏதும் படிக்கச் சொல்லுங்கோ" என்று புத்தி சொன்னவன் நான்தான். யாழ்ப்பாணம் கம்பஸில் இரண்டாம் வருசத்தோடு, 2007இல், படிப்பை விட்டுப்போட்டு ஓடிவந்து கோப்பை கழுவத் தொடங்கிய எனக்கு, பிறத்தியாருக்குப் படிப்பைப் பற்றிச் சொல்வதில் அப்படியொரு விருப்பம்.

ஒருநாள் மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் கிடைக்கிற இடைவேளையில் அவள் கொப்பியோடு வந்தாள். "மாமா, பங்கர் வாசல் நேராவோ இருக்கும், வளைஞ்சோ இருக்கும்?" 1995 இடப்பெயர்வுக்கு முதல் யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் இருந்த பங்கரைச் சொன்னேன். குற்றியை எப்படி அடுக்கினார்கள், மேலே எவ்வளவு மண் போட்டார்கள், ஜாம் போத்தில் விளக்கின் திரி எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டாள். அரைவாசிக்குப் பதில் தெரியவில்லை. "பங்கருக்குள் இருந்தோம்" என்று எழுதுகிறவன் இரண்டு சொல்லோடு தப்பிவிடுவான். கீறுகிறவள் தப்ப முடியாது. வாசல் எங்கே, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, யாருடைய கால் யாருக்கு மேலே கிடந்தது என்று தெரியாமல் ஒரு பெட்டியைக்கூட நிரப்ப ஏலாது.

தாயிடமும் அப்படித்தான் கேட்டிருக்கிறாள். வன்னியில் கடைசி மாதங்களில் சேலையைக் கிழித்துத் தைத்து மண்மூட்டை கட்டினார்கள் அல்லவா? "எந்தச் சேலை அம்மா? கரை என்ன மாதிரி?" என்று கேட்டாளாம். பத்து வருசத்துக்கு மேலாக அந்தக் காலத்தைப் பற்றி வாயே திறக்காத மனுசி, அந்தச் சேலைக் கரையில் தொடங்கி விடியும் வரைக்கும் கதைத்தா என்று அண்ணை சொன்னார். எங்கள் பதினொரு பேச்சாளரும் சேர்ந்தாலும் அந்த மனுசியை இப்படிக் கதைக்க வைக்க முடியுமா?

ஒரு பக்கம் எப்படி வருகிறது என்று அவள் காட்டினாள். முதலில் சின்னப் பெட்டிகளில் குத்துமதிப்பாகக் கீறிப் பார்ப்பது. பிறகு பென்சில், அதற்கு மேல் மை, பிறகு எழுத்து. பிழைத்தால் திரும்ப முதலில் இருந்து. ஒரு பக்கத்துக்கு மூன்று நாள், சிலதுக்கு ஒரு கிழமை. இடையில் சனி ஞாயிறு சுப்பர்மாக்கெட் கஸ்ஸாவில் வேலை.

காசைப் பற்றியும் சொல்லவேண்டும். பதிப்பகம் கொடுத்த முற்பணம் என்னுடைய மூன்று மாதச் சம்பளத்துக்கும் குறைவு. அதுவும் வருகிற றோயல்டியில் கழிபடும். 20 யூரோ புத்தகத்தில் அவளின் பங்கு 2 யூரோவுக்கும் கீழே. இது அவளுக்கு மட்டும் நடந்ததில்லை. 2016இல் பிரான்சில் படக்கதைக் கலைஞர்கள் தாங்களே கூடி எடுத்த கணக்கெடுப்பு வெளிவந்தது. பதில் சொன்னவர்களில் 53 சதவீதம் பேரின் வருமானம் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் கீழே. பெண்களை மட்டும் எடுத்தால் 67 சதவீதம். கோப்பை கழுவினவனுக்கே அந்தச் சம்பளம் கிடைத்தது நண்பர்களே.

இனி மர்ஜான் சத்ராபிக்கு வருவோம். எங்கள் ஆய்வுரையாளரும் அந்தப் பெயரைச் சொல்லி, "எங்களுக்கும் ஒரு பெர்செபோலிஸ் வேண்டும்" என்று முழங்கினார். அந்தப் புத்தகம் எப்படி வந்தது என்று அவருக்கு யாராவது சொல்லவேண்டும்.

1969இல் ஈரானில் பிறந்த பிள்ளை. போருக்கும் ஆட்சிக்கும் பயந்து 1984இல், பதினாலு வயதில், தாய்தகப்பன் தனியே வியன்னாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கடைசியில் தெருவில் படுத்து, நோய் பிடித்து, திரும்ப ஊருக்குப் போய், 1994இல் பிரான்சுக்கு வருகிறார். ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவியப் படிப்பு. சிறுவர் புத்தகங்களுக்கென்று கீறி அனுப்பியவற்றைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. பாரிசில் படக்கதைக்காரர்கள் பகிர்ந்து வேலை செய்த ஓர் அறையில் அவருக்கு ஒரு மேசை கிடைத்தது. அவர் சொன்ன ஈரான் கதைகளைக் கேட்ட கூட்டாளிகள், இதைக் கீறு என்று நெருக்கினார்கள். 1990இல் படக்கதைக்காரர்கள் தாங்களே தொடங்கிய ‘லசோசியாசியோன்’ என்ற சின்னப் பதிப்பகம் 2000இல் முதல் பாகத்தைப் போட்டது. 48 பக்கக் கலர் அல்பங்கள் கடைகளை நிறைத்திருந்த காலத்தில், இது கறுப்பு வெள்ளை. 2001இல் அங்குலேம் விழாவில் பரிசு. 2003க்குள் நாலு பாகம். 2007இல் படமாகி கானில் ஜூரி பரிசு.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? ஷாவின் சிறையும் இருக்கிறது, பிறகு வந்தவர்களின் சிறையும் இருக்கிறது. அதோடு, தான் பிடிபடாமல் தப்புவதற்காக, ஒரு பாவமும் அறியாத ஆளைப் பொய் சொல்லிக் காவலர்களிடம் காட்டிக்கொடுத்ததையும் சத்ராபி தன் கையால் கீறி வைத்திருக்கிறார். படம் வந்தபோது ஈரான் அரசு சார்ந்த திரைப்பட நிறுவனம் கண்டித்தது. 2013இல் சிக்காகோவில் பள்ளி நிர்வாகம் புத்தகத்தை வகுப்புகளில் இருந்து எடுக்கச் சொன்னது. அங்கே மாணவர்களே திரண்டு எதிர்த்தார்கள். பக்கத்தைக் கிழிக்கச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைக் கேட்டுக் கைதட்டுகிற சபையாக நாங்கள் இருக்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

"வெளியில் வைத்துக் கதைக்கக் கூடாத விசயம்" என்பார்கள். ஆர்ட் ஸ்பீகல்மன் ‘மௌஸ்’ கதையில், நாசிகளின் முகாமில் இருந்து தப்பிவந்த தன் தகப்பனைக் கஞ்சனாகவும், கறுப்பு மனிதரை வெறுக்கிறவராகவும் கீறினார். அதனால் நாசிகள் செய்தது சின்னதாகிவிட்டதா? 1986இலும் 1991இலும் இரண்டு பாகமாக வந்து, 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு வாங்கியது. குறையுள்ள மனிதர்களாக அவர்களைக் காட்டியதால்தான் உலகம் அந்தக் கதையை நம்பியது. 87ஆம் பக்கத்தைக் கிழித்தால், ஷெல் விழுகிற பதினாலு பக்கத்தையும் யாரும் நம்பப் போவதில்லை.

"எங்களுக்கு எங்கே காசு, ஏஜென்சிக் கடன், ஊருக்கு அனுப்பவேண்டும்" என்றும் சொல்வார்கள். உண்மைதான், நானும் ஒன்பது வருசம் கட்டினேன். ஆனால் சாமத்தியவீட்டுக்கு 101 யூரோ கவரில் வைக்கிற அதே கை, அன்றைக்கு மேசையடியில், "தமிழாக்களுக்குக் குறைச்சுத் தரமாட்டியளோ பிள்ளை?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

2019இல் ‘வன்னி’ என்றொரு கிராபிக் நாவல் ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வன்னியில் ஐ.நா.வுக்கு வேலை செய்த ஆங்கிலேயர். கீறியவர் லின்ட்சே பொலொக். தப்பிவந்த எங்கள் சனத்திடம் கேட்டுக் கேட்டுச் செய்தது, நல்ல புத்தகம். எங்கள் கதையை அவர்கள் கீறியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் பிள்ளை கீறும்போது ரப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற எங்களை நினைத்துத்தான் வருத்தம்.

இதே புத்தகத்துக்கு இரண்டு கிழமைக்கு முதல் ஒரு சின்னப் பிரெஞ்சுப் புத்தகக்கடையில் வெளியீடு நடந்தது. மேடை இல்லை. அவளுக்கு ஒரு மேசை, பேனை. இருபத்திரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், பத்தொன்பது பேர் வாங்கினார்கள். ஒவ்வொருவரின் புத்தகத்திலும் ஒரு சின்னப் படம் கீறிக் கையெழுத்துப் போட்டாள். அவர்களும் புனிதர்கள் இல்லை, ஒரு மனுசி எங்களைப் பார்த்து இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கேட்டா. ஆனால் புத்தகத்தைத் திறந்தார்கள். அந்த வித்தியாசம் போதும்.

எங்களிடம் மேடை நிறைய இருக்கிறது. பிள்ளைகள் இருந்து வேலை செய்ய ஒரு மேசைதான் இல்லை. சங்கங்களிடம் கேட்கிறேன்: கிழமையில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கிற உங்கள் மண்டபத்தில் ஓர் அறையைக் கீறுகிற, எழுதுகிற பிள்ளைகளுக்குத் திறந்துவிட என்ன செலவு? அடுத்த வெளியீட்டில் பேச்சாளரை இரண்டாகக் குறைத்து, பொன்னாடைக் காசுக்கு அதே புத்தகத்தை வாங்கித் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க என்ன தடை? தமிழ்ப் பதிப்பு வந்தால் 87ஆம் பக்கத்தோடு வரட்டும். பிடிக்காதவர் பதில் எழுதட்டும், முடிந்தால் பதில் கீறட்டும்.

நேற்று குசினியில் அண்ணை சொன்னார், மகள் அடுத்த புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு நிரந்தர வேலைக்கு மனுப் போடுகிறாளாம். "நீயும் அப்ப இதைத்தானேடா சொன்னனீ" என்றார். ஒன்றும் பேசாமல் சட்டியைக் கழுவினேன்.

பி.கு: அவளுடைய ஏழு பொன்னாடையும் அண்ணையின் காரின் பின்பெட்டியில் கிடக்கின்றன. தேவைப்படுகிற சங்கங்கள் கேட்டால் திருப்பித் தருகிறாராம்.